பொங்கல் லீவு முடிந்தும் பள்ளிக்குக் கிளம்ப மறுக்கும் மகன்

காரைக்குடி அம்மா:
தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு வரைக்கும் அப்பத்தா வீட்டு வளவில் நள்ளிரவு தாண்டியும் ஆட்டம்தான், இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனைக் காலையில் எழுப்பினாலே வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். என்ன செய்யலாம்?

தேவகோட்டைக்காரர்:
முதலில் தூக்கம், ஆச்சி. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். தினமும் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள், எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், எழுந்ததும் முற்றத்து வெயிலில் கொஞ்சம் உட்காரட்டும். படுக்கும்முன் போன் வேண்டாம்.

பள்ளத்தூர் டீச்சர்:
திட்ட வேண்டாம். மிச்சமிருக்கும் மனகோலப் பலகாரத்தைக் கூட்டாளிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். வலி ஞாயிற்றுக்கிழமையும் வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

காரைக்குடி அம்மா:
சரி, இன்றைக்கே சீக்கிரம் படுக்க வைக்கிறேன்.