ஷல், மஸ்ட், ஷுட்: மூன்றுக்கும் ஒரே 'வேண்டும்' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளுக்கான (தோல் பதனிடும் ஆலைகளுக்கான) ஆங்கிலப் பாதுகாப்பு விதிகளின் தமிழாக்கம் பற்றி இந்த இழையில் வந்த கருத்துகளைப் படித்தேன். ஷல் (shall), மஸ்ட் (must), ஷுட் (should) என்ற 'மூன்றுக்கும் வேண்டும் என்றே போடுவோம், படிப்பவர் புரிந்துகொள்வார்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எதை மீறினால் ஆபத்து, எதில் விட்டுக்கொடுக்க இடமுண்டு என்று விதியே சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்திலேயே இதில் இரண்டு வழக்கு உண்டு. இணைய நெறிமுறைகளுக்காக 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம், மஸ்ட்டும் ஷல்லும் ஒன்றுதான் என்கிறது. ஷுட் என்றால், தக்க காரணம் இருந்து, விளைவையும் யோசித்துவிட்டு விலகலாம். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரநிலைகளிலோ கட்டாயத்துக்கு ஷல்தான். அதன் இடத்தில் மஸ்ட் போடக் கூடாது. சட்டம் மாதிரி வெளியிலிருந்து வரும் கட்டுப்பாட்டுக்குத்தான் அங்கே மஸ்ட். நம்மிடம் இருப்பது ஐஎஸ்ஓ பாணி ஆவணம். அதனால் ஷல்லுக்குச் 'செய்ய வேண்டும்', மஸ்ட்டுக்குச் 'சட்டப்படி செய்ய வேண்டும்' என்பது என் முன்மொழிவு.

ஷல்லுக்குச் 'செலுத்தக் கடவர்' என்ற யோசனை பழைய சட்டத் தமிழுக்குச் சரி, தோல் பதனிடும் டிரம் பக்கத்தில் மாட்டும் பலகைக்கு ஆகாது. ஷுட்டுக்குச் 'செய்யத் தகும்' என்றதில் எனக்கு ஆசை உண்டு. குறள் 466இல் 'செய்தக்க' என்று வள்ளுவரே ஆண்ட வேர் அது. ஆனாலும் 'செய்வது நல்லது' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதையே வைப்போம்.

என் பெரிய கவலை எதிர்மறைதான். 'கழிவுத் தொட்டிக்குள் இறங்க வேண்டாம்' என்பது தடையா, இறங்கத் தேவையில்லை என்பதா? வீட்டில் 'நீ வர வேண்டாம்' என்றால் குரலிலேயே தெரிந்துவிடும். பலகைக்குக் குரல் ஏது? தோலில் மயிர் நீக்கிய சுண்ணாம்புக் கழிவில் சல்பைடு இருக்கும். அதோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மேலே ஏறிவிடலாம் என்று நம்பி இறங்குவார்கள். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. அந்தத் தொட்டியின் மேல் 'இறங்கக் கூடாது' என்றுதான் இருக்க வேண்டும். ஷல் நாட் வரும் இடமெல்லாம் 'கூடாது', நீட் நாட் வரும் இடமெல்லாம் 'தேவையில்லை'. 'வேண்டாம்' என்ற சொல்லை ஆவணத்திலிருந்தே எடுத்துவிடுவோம்.

இதே சிக்கல் 'லாம்' விகுதியிலும் உண்டு. 'மூடியைத் திறக்கலாம்' அனுமதி. 'உள்ளே வாயு இருக்கலாம்' எச்சரிக்கை. அடுத்தடுத்த வரிகளில் வந்தால் குழப்பம்தான். 'லாம்' அனுமதிக்கு மட்டும் இருக்கட்டும், மற்றதற்கு 'இருக்க வாய்ப்புண்டு' என்று எழுதுவோம்.

அப்புறம், ரிக்வயர்மென்ட் (requirement) என்பதற்குப் பெயர்ச்சொல்லாகத் 'தேவைப்பாடு' என்று ஒருவர் போட்டிருந்தார். தேவைப்பட்டால் செய் என்ற வாடை அதில் வருகிறது. 'கட்டாயம்' போதும், அதற்கு எதிரில் 'பரிந்துரை'.

இன்னொன்று. மஸ்ட், ஷுட் முதலியவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் (MUST, SHOULD என்று) வந்தால்தான் அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. விதிச்சொற்களைத் தடித்த எழுத்தில் அச்சிடலாமா? பலகை எழுதும் ஓவியர்களோடு பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள்.