கார் ஆம்ப் கெயின் செட்டிங்: உங்கள் வண்டியில் நடந்ததைச் சொல்லுங்கள்

சேலத்திலிருந்து

சித்தப்பா பையன் வண்டியில் ட்வீட்டர் (ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கர்) மறுபடியும் போய்விட்டது. முதல் தடவை போனபோது கடைக்காரர், "ஸ்பீக்கர் வீக் சார், கொஞ்சம் பெருசா போடுங்க" என்றார். பெருசாகப் போட்டதும் போச்சு. அதனால் இந்த முறை மல்டிமீட்டரையும், அலையைத் திரையில் காட்டுகிற கையடக்க ஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். அங்கே பார்த்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். படிக்கிற நாலு பேருக்காவது ஸ்பீக்கர் மிஞ்சும்.

வண்டியில் இருப்பது 4 வோல்ட் ப்ரீ அவுட் (ஆம்ப்புக்கு சிக்னல் போகிற வெளியீடு) உள்ள டெக், 4 ஓமில் சேனலுக்கு 75 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கிற பவர்) கொடுக்கிற 4 சேனல் ஆம்ப், முன்னால் ட்வீட்டர் தனியாக உள்ள காம்பொனென்ட் ஸ்பீக்கர், பின்னால் எல்லாம் ஒன்றாக உள்ள கோஆக்ஸியல். எதுவும் மட்டமான பொருள் இல்லை. டிக்கியைத் திறந்தால், எத்தனை வோல்ட் வந்தால் ஆம்ப் முழு பவர் கொடுக்கும் என்று வைக்கிற கெயின் திருகு எல்லாமே கடைசி வரை, 0.2 வோல்ட் பக்கம் திருகி வைத்திருந்தது. பேஸ் பூஸ்ட் 12 டெசிபெல். டெக்கில் லவுட்னஸ் ஆன், ஈக்வலைசரில் பேஸும் ட்ரெபிளும் உச்சத்தில்.

0.2 வோல்ட் பக்கம் வைத்தால், உள்ளே வெறும் 0.2 வோல்ட் வந்தாலே ஆம்ப் தன்னிடம் உள்ள மொத்த பவரையும் கொடுத்துவிடும். டெக் தள்ளுவதோ 4 வோல்ட் வரைக்கும். 20 மடங்கு வித்தியாசம். வால்யூம் பாதியை எட்டுவதற்குள் ஆம்ப்பின் சக்தி தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் ஏற்றுகிற ஒவ்வொரு புள்ளியும் அலையின் தலையை வெட்டத்தான் உதவுகிறது. பேஸ் பூஸ்ட் தனிக்கொடுமை. 3 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் இரண்டு மடங்கு பவர் வேண்டும், 12 டெசிபெல்லுக்குக் கிட்டத்தட்ட 16 மடங்கு. 75 வாட்ஸ் ஆம்ப் அதற்கு எங்கே போகும்?

முதலில் லவுட்னஸ், ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் ஆஃப் செய்தேன். ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினேன். பென்டிரைவில் 1000 ஹெர்ட்ஸ் சைன் டோன், 0 டெசிபெல் (ஃபைலில் பதியக்கூடிய உச்ச அளவு), வேவ் ஃபைலாக வைத்திருந்தேன். அதை ஓடவிட்டு, ஆம்ப்பைத் தொடுவதற்கு முன் டெக்கின் ஆர்சிஏ வெளியீட்டில் (அந்த ப்ரீ அவுட் சாக்கெட்டில்) ஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். இந்த டெக்கின் வால்யூம் 40 வரை போகும். 34 வரைக்கும் அலை அழகாக உருண்டையாக வந்தது. 35இல் உச்சி லேசாக அழுந்தியது. 40இல் குன்றின் தலையைச் சீவி எடுத்த மாதிரி மேலும் கீழும் தட்டை. ஆக, இந்த வண்டிக்கு 34தான் எல்லை. நிறைய பேர் விட்டுவிடுகிற வேலை இதுதான், எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவதும் இதுதான். டெக்கிலேயே வெட்டுப்பட்டு வருகிற அலையை, ஆம்ப் கெயினை எவ்வளவு குறைத்தாலும் மறுபடி உருண்டையாக்க முடியாது. மல்டிமீட்டர் அதைக் காட்டவும் காட்டாது. வோல்ட்டை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

அடுத்து ஆம்ப். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 75 பெருக்கல் 4, 300. அதன் ரூட் 17.3. கெயினை அடியோடு குறைத்து, டெக்கை 34இல் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் பார்த்தபடி மெதுவாகத் திருகினேன். கால் சுற்று வருவதற்குள் 17 வோல்ட்டைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு பாக்கி இருந்த முக்கால் சுற்றையும் திருகித்தான் கடையில் வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள்.

ட்வீட்டர் ஏன் முதலில் போகிறது? 17.3 வோல்ட் சைன் அலையின் உச்சி 24.5 வோல்ட். அதே உச்சியில் அலை முழுக்கத் தட்டையாகிச் சதுரமானால், 4 ஓமில் அதுவே 150 வாட்ஸ். 75 வாட்ஸ் ஆம்ப் 150 வாட்ஸ் சூட்டை ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருளான காயிலுக்குள் தள்ளுகிறது. போதாததற்கு, வெட்டுப்பட்ட அலையில் புதிதாக ஹார்மோனிக்ஸ் (மூல ஒலியின் மடங்குகளில் வரும் உயர் ஒலிகள்) முளைக்கும். அவை, ஒலியை ஸ்பீக்கர் வாரியாகப் பிரிக்கிற கிராஸ்ஓவரைத் தாண்டி நேராக ட்வீட்டருக்குப் போகும். பேஸ் உச்சியில் முட்டி நின்றுவிட்டாலும், வால்யூம் ஏற ஏற ட்ரெபிள் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். பெட்டியில் 75 வாட்ஸ் என்று போட்டிருந்தாலும், ட்வீட்டரின் தலைமயிர் கனத்துக் காயிலுக்கு இசையில் வழக்கமாக வருவது அதில் கொஞ்சம்தான். எரிந்த ட்வீட்டரைப் பிரித்துப் பார்த்தேன். காயில் கருத்து, வார்னிஷ் கருகிய வாடை அப்படியே இருந்தது. பவர் பத்தாமல் எரிந்தது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பவர் குறைந்ததால் எந்த ஸ்பீக்கரும் எரிவதில்லை. வெட்டுப்பட்ட அலையின் சராசரி சூடு காயிலின் அளவைத் தாண்டினால்தான் எரியும்.

எல்லாம் முடித்துப் பாட்டைப் போட்டதும் தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னண்ணா, சவுண்டே கம்மியாயிடுச்சு?" முன்பெல்லாம் 12லேயே அலறும், இப்போது 28க்குப் போக வேண்டியிருக்கிறது. 32 வரை கொண்டுபோய்க் கேட்கச் சொன்னேன். தவில் அடியும் நாதஸ்வரமும் தனித்தனியாக நின்றன. பழைய செட்டிங்கில் அந்தச் சத்தத்துக்கு வந்ததும் எல்லாம் ஒரே கரகரப்பாகக் கலந்துவிடும். அவனுக்குப் புரிந்தது. ஆனால் திரையில் தெரிகிற எண்ணை வைத்து ஆம்ப்பை எடைபோடுகிற பழக்கம் சுலபத்தில் போகாது.

•

சென்னையிலிருந்து

அண்ணா, நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஃபிட்டிங் வேலை செய்றவன். கடைக்காரங்க பக்கத்தையும் சொல்லணும். பில் போடுறதுக்கு முன்னாடி கஸ்டமர் உக்காந்து கேப்பார். 10 வச்சு அதிரலைன்னா, "பக்கத்துக் கடையில நல்லா அடிச்சுதே"ன்னு எழுந்துடுவார். அதுக்காகத்தான் பல பேர் கெயினை ஏத்தி விடுறாங்க. நான் செய்யறதில்ல. வால்யூமை நானே 30க்கு வச்சுட்டுத்தான் அவர் கையில ரிமோட்டைக் குடுப்பேன். இதுவரைக்கும் யாரும் எண்ணைப் பாத்துச் சண்டை போட்டதில்ல.

ஒரு விஷயத்துல மட்டும் உங்களோட ஒத்துப் போக மாட்டேன். 0 டெசிபெல் டோன்ல செட் பண்ணா ரொம்பப் பத்திரம், சரி. ஆனா பாட்டு எதுவும் முழு நேரமும் 0ல ஓடாது. இப்ப வர்ற பாட்டெல்லாம் உச்சிலயே நெருக்கி மாஸ்டர் பண்ணது. எண்பதுகள்ல வந்ததை அப்படியே சிடியாக்கினதுல பல பாட்டு ரொம்ப அடக்கமா இருக்கும். 0ல செட் பண்ண வண்டியில அதைப் போட்டா, எல்லை வரைக்கும் ஏத்தியும் மனசு நிறையாது. அதனால ஃப்ரண்ட் ஸ்பீக்கருக்கு மைனஸ் 5 டெசிபெல் டோன் வைப்பேன், அப்ப கெயின் கொஞ்சம் கூட நிக்கும். சப்வூஃபருக்கும் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) 40 ஹெர்ட்ஸ், மைனஸ் 5தான். சப்புக்கு மைனஸ் 10 வைக்கிறவங்களும் இருக்காங்க. கஸ்டமர் அளவோட கேக்கறவர்னு தெரிஞ்சா மட்டும் அது சரி. புதுப் பாட்டை ஃபுல்லா வச்சு ஓட்டற பசங்க வண்டிக்கு 0தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல.

இன்னொண்ணு, ஸ்டிக்கரை நம்பி கணக்குப் போடாதீங்க. 3000 வாட்ஸ்னு போட்டு ஒரு ஆம்ப் வந்துச்சு. பின்னாடி பாத்தா ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ். 30ஐ 14 வோல்ட்டால பெருக்குங்க, 420 வாட்ஸ்தான் உள்ளயே போகுது. கிளாஸ் ஏபி ஆம்ப்ல அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, 250 வாட்ஸ் வெளிய வந்தா பெரிய விஷயம். கிளாஸ் டி ஆம்ப்னா வீணாப் போறது கம்மி, 330 பக்கம் வரும். அந்த வண்டியோட பையன் 3000ஐ நம்பி மீட்டர்ல வோல்ட் தேடிட்டு இருந்தான். அந்த வோல்ட் அந்தப் பெட்டியிலேர்ந்து ஜென்மத்துக்கும் வராது. பெட்டியில சிஇஏ 2006னு (ஆம்ப் வாட்ஸை அளக்கற அமெரிக்கத் தர விதி, இப்ப பேரு சிடிஏ 2006) போட்டு வாட்ஸ் குடுத்திருந்தா அந்த எண்ணை எடுத்துக்கலாம். அது 14.4 வோல்ட்ல, 4 ஓம்ல, டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள்ள அளந்தது.

எஞ்சின் ஓடும்போதுதான் செட் பண்ணணும். ஆஃப்ல பேட்டரி 12.6, ஓடும்போது 14 பக்கம். வோல்ட் இறங்கினா ஆம்ப் சீக்கிரம் வெட்டும். அலுமினியத்து மேல செம்பு பூசின ஒயரைப் போட்டு, சப் அடிக்கும்போதெல்லாம் வோல்ட் சரியுற வண்டி நிறைய வருது. அங்க கெயினைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

•

கொழும்பிலிருந்து

வணக்கம் அண்ணை. எங்கட பக்கம் ஜப்பானில இருந்து வாற பாவிச்ச வாகனங்கள்தான் கூட. கொம்பனி செட்டையே வச்சுக்கொண்டு ஆம்ப் மட்டும் பூட்டச் சொல்லுவினம். ஆர்சிஏ இருக்காது. ஸ்பீக்கர் வயரில இருந்துதான் ஹை லெவல் இன்புட் எடுக்கோணும். அதில கவனிக்க வேண்டியது ரெண்டு.

முதலாவது, அந்த வயரில ப்ளஸ், மைனஸ் ரெண்டிலயும் சிக்னல் இருக்கும். மைனஸ்தானே எண்டு வாகனத்தின்ர இரும்பு பொடியில பூட்டினா செட்டின்ர ஐசி போயிடும். ரெண்டாவது, கன கொம்பனி செட்டுகள் சத்தம் கூடக் கூட பேஸைத் தானாவே குறைக்கும், சின்ன ஸ்பீக்கரைக் காப்பாத்த. என்ர மச்சானின்ர வாகனத்தில, குறைஞ்ச சத்தத்தில கேட்டுக் கேட்டுத்தான் ஆரோ சப்பின்ர கெயினை வச்சிருந்தவை. மெதுவாக் கேக்கேக்க வீடே அதிருது, ஹைவேயில ஏத்தினவுடன பேஸைக் காணேல்ல. 40 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, ஒவ்வொரு வால்யூமிலயும் வோல்ட்டை எழுதிப் பார்த்தன். பாதிக்கு மேல வோல்ட் ஏறாமல் நிண்டிட்டுது. அப்பிடிப்பட்ட செட்டில, வழமையாக் கேக்கிற வால்யூமில வச்சுத்தான் கெயின் பிடிக்கோணும். இல்லாட்டி பேஸைத் திருப்பிக் குடுக்கிற ப்ரொசெசர் ஒண்டு தேவை.

அந்த வாகனத்திலயே அல்டர்னேட்டர் இரைச்சலும் இருந்தது. அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க "ஊ" எண்டு ஏறும். கெயினைக் குறைச்சவுடன சத்தம் குறைஞ்சுது, ஆனா போகேல்ல. கிரவுண்ட் வயரைக் கழட்டிப் பார்த்தா, பெயின்டுக்கு மேலயே போல்ட்டை இறுக்கியிருக்கினம். இரும்பு மினுங்கும் வரைக்கும் சுரண்டிப் பூட்டினன், நிண்டிட்டுது. கெயின் கூட இருந்தால் எந்த இரைச்சலும் பெருத்துத்தான் கேக்கும்.

•

திருநெல்வேலியிலிருந்து

அண்ணாச்சி, என்கிட்ட ஸ்கோப்பு கெடையாது. ஒரு சாதா மல்டிமீட்டர்தான் இருக்கு. சப்வூஃபர் 300 வாட்ஸ், ரெட்டைக் காயில், ஒவ்வொண்ணும் 4 ஓம். 300ஐயும் 4ஐயும் பெருக்கி 34.6 வோல்ட் வச்சேன்னா சரியா இருக்குமா? டோனை போன்ல இருந்து ப்ளூடூத்ல விடலாமா?

•

சேலத்திலிருந்து

தம்பி, 34.6இல் வைக்காதீர்கள். ரெண்டு காயிலையும் பேரலலாகக் கொடுத்திருந்தால் ஆம்ப் பார்ப்பது 2 ஓம். 300 வாட்ஸுக்கு 24.5 வோல்ட்தான். 34.6 வோல்ட்டை 2 ஓமில் தள்ளினால் 600 வாட்ஸ், சப்பின் அளவுக்கு இரண்டு மடங்கு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அளப்பதால் அங்கே எத்தனை ஓம் என்று மீட்டருக்குத் தெரியாது. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆம்ப் 2 ஓமுக்கு எவ்வளவு வாட்ஸ் என்று அதன் பேப்பரிலும் பாருங்கள். சப், ஆம்ப் இரண்டில் எது குறைவோ அந்த வாட்ஸுக்கே கணக்குப் போடுங்கள்.

சப்புக்கு 40 ஹெர்ட்ஸ் டோன் என்பதால் சாதா மீட்டர் போதும். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸை அளக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், அந்தப் பக்கத்தில் சரியாகக் காட்டும். 1000 ஹெர்ட்ஸில்தான் சில மீட்டர்கள் தப்பாகக் காட்டும். பல மலிவு மீட்டர்களின் ஏசி அளவீடு 400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். ஃப்ரண்ட் ஸ்பீக்கர் சேனலுக்கு அந்த மீட்டரை நம்புவதானால், ஹை பாஸ் ஃபில்டரை (பேஸை வெட்டுகிற ஃபில்டர்) ஆஃப் செய்துவிட்டு 200 ஹெர்ட்ஸ் டோன் வைத்து அளந்துகொண்டு, முடிந்ததும் ஃபில்டரை மறக்காமல் பழைய இடத்தில் வையுங்கள்.

ப்ளூடூத் வேண்டாம். போன் வால்யூம் ஒரு புள்ளி இறங்கியிருந்தாலும் கணக்கே மாறிவிடும். பிற்பாடு பென்டிரைவில் பாட்டுப் போட்டால் நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகத் தள்ளும். வேவ் ஃபைலைப் பென்டிரைவில் போட்டு ஓடவிடுங்கள்.

ஸ்கோப் இல்லாமல் டெக்கின் எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மல்டிமீட்டரால் முழுசாக முடியாது, ஆனால் ஒரு துப்பு கிடைக்கும். ஆர்சிஏவில் 40 ஹெர்ட்ஸ் வைத்து, வால்யூமை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி வோல்ட்டை எழுதுங்கள். ஒரே சீராக ஏறிக்கொண்டு வந்தது எங்கே சோர்ந்து ஏறத் தொடங்குகிறதோ, அதற்கு இரண்டு மூன்று புள்ளி கீழே நின்றுகொள்ளுங்கள். காதை நம்பி சப்பை செட் பண்ணாதீர்கள். ட்வீட்டரில் வெட்டுப்பட்டால் கரகரப்பு உடனே தெரியும். 40 ஹெர்ட்ஸில் நன்றாக வெட்டுப்பட்ட பிறகும் "அடி செமையா இருக்கே" என்றுதான் தோன்றும். ஆர்சிஏவைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் டெக், ஆம்ப் இரண்டும் ஆஃபில் இருக்கட்டும்.

24.5 என்பது சப் போகக்கூடிய உச்சம். ஃப்ரண்ட்டோடு சேர்த்துக் கேட்கும்போது பேஸ் தூக்கலாகத் தெரிந்தால் அங்கிருந்து குறைத்துக்கொள்ளுங்கள். பத்தவில்லை என்று தோன்றினால் அந்தக் கெயினைத் தொடாமல், ஃப்ரண்ட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.