மலையில மழை வெட்டின கல்லி (gully, தண்ணி அரிச்ச பள்ளம்), எவ்ளோ மண்ணு போச்சுன்னு எப்படி அளக்கறது?

பழைய_வண்ணை:
எல்லாருக்கும் வணக்கம். வீடு பழைய வண்ணாரப்பேட்டை, எம்.இ. படிக்கிறேன். ப்ராஜெக்ட் நீலகிரியில, கேத்திக்கு மேல ஒரு சின்ன நீர்ப்பிடிப்பு பகுதி, பாதி கேரட் உருளைக்கிழங்கு, பாதி டீ. வருஷத்துக்கு ஹெக்டேருக்கு எத்தனை டன் மண்ணு போவுதுன்னு கண்டுபிடிக்கணும். மண் அரிப்பை கணக்கு போடற யுஎஸ்எல்இ ஃபார்முலா போட்டு, 30 மீட்டர் சாட்டிலைட் உயர டேட்டா வெச்சு மேப் பண்ணிட்டேன். பிரச்சனை இன்னான்னா, போன வாரம் நேர்ல போய் பாத்தா தோட்டத்து ஓரமா ஒரு கல்லி, உள்ள இறங்கி நின்னா என் நெஞ்சு வரைக்கும் பள்ளம், கரை இடிஞ்ச இடத்துல கேரட்டு பாதி அந்தரத்துல தொங்குது. தோட்டக்கார தாத்தா சின்ன வயசுல அதை ஒரே தாண்டுல தாண்டிடுவாராம். என் மேப்ல அந்த இடம் பச்சை கலர், அதாவது பாதிப்பு கம்மி! பாத்ததுல இருந்து மனசே சரியில்ல. ட்ரோன் எடுக்க காசு இல்ல, டேப்பும் போனும்தான் இருக்கு. வடகிழக்கு மழைக்கு முன்னாடி அளந்தாகணும், வழி சொல்லுங்க.

வியாசர்பாடி_சிவில்:
தம்பி, ஃபார்முலாவை நீ தப்பா போடல, அது கல்லியை பாக்கவே பாக்காது. விஷ்மையரும் ஸ்மித்தும் அந்த ஃபார்முலாவை கட்டினது மேல்மண் படலமா வழிஞ்சு போறதுக்கும் சின்னச்சின்ன வாய்க்கா அரிப்புக்கும் தான், அவங்க அளவுகோலா வெச்ச பிளாட்டே 22.13 மீட்டர் நீளம், 9 சதவீத சரிவு. அதோட 30 மீட்டர் பிக்ஸல்ல 2 மீட்டர் அகல பள்ளம் எங்க தெரியும்? கல்லியை தனியா கையால அளந்துதான் கூட்டணும்.

5 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடு, தலைப்பகுதியில மட்டும் இன்னும் நெருக்கமா, ஏன்னா மழை பெஞ்சா மேல் பக்கமா தின்னுகினு போறது அந்த தலைதான். ரெண்டு கரையிலயும் விளிம்புல இருந்து நல்லா ஒரு மீட்டர் தள்ளி கம்பி அடி, விளிம்புலயே அடிச்சா கரையோட சேந்து கம்பியும் போயிடும், எனக்கு முதல் வருஷம் நாலு கம்பி அப்படித்தான் போச்சு. கம்பிக்கு கம்பி டேப்பை இழுத்து கட்டி 25 செ.மீ.க்கு ஒரு தரம் ஆழம் எடு, பரப்பளவு வந்துடும். பக்கத்து பக்கத்து வெட்டு 1.6, 1.2 சதுர மீட்டர்னு வெச்சுக்கோ, சராசரி 1.4, இன்ட்டு 5 மீட்டர், 7 கன மீட்டர். மண்ணோட அடர்த்தி கன மீட்டருக்கு 1.1 டன் வந்தா 7.7 டன், அந்த அஞ்சு மீட்டர்ல மட்டும் ஒரு லாரி லோடு மண்ணு காணோம். ஆனா அடர்த்தியை புக்ல பாத்து போடாத, அளவு தெரிஞ்ச இரும்பு வளையத்தை கல்லி சுவத்துல அடிச்சு எடுத்து 105 டிகிரியில 24 மணி நேரம் காய வெச்சு எடை போடு.

தண்டையார்பேட்டை_மேஸ்திரி:
தம்பி நான் படிச்சவன் இல்ல, முப்பது வருஷம் கட்டட வேலை. டேப்பு நடுவுல தொங்கும்பா, ஆழம் கம்மியா காட்டும், கட்டட நூலை இழுத்து கட்டி டேப்பை அது கூட புடி. ரெண்டு கம்பியும் ஒரே மட்டமான்னு பாக்க மிஷின்லாம் வேணாம், தண்ணி ரொப்பின மட்ட டியூப் போதும், உள்ள காத்து முட்டை இல்லாம பாத்துக்கோ. கம்பியை மண்ணடி கடைத்தெருவுல வெட்டி வாங்கிக்கோ, தலையில செவப்பு பெயின்ட் அடி, இல்லனா மழை முடிஞ்சு புல்லு வளந்தப்புறம் தேடினாலும் கெடைக்காது.

மண்வாசம்_எண்ணூர்:
மேல ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா ஒரு தடவை அளந்தா அது அந்த கல்லி பொறந்ததுல இருந்து போன மொத்த மண்ணு, வருஷ கணக்கு இல்ல. மழைக்கு முன்னாடி ஒண்ணு, ஜனவரியில ஒண்ணு, அதே கம்பியில அளந்து ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்க. அதையும் கல்லி பரப்பால இல்ல, அதுக்கு தண்ணி வந்து சேர்ற மொத்த நிலத்தோட ஹெக்டேரால வகுக்கணும். 1983ல துருவநாராயணாவும் ராம் பாபுவும் போட்ட நாடு தழுவின மண் இழப்பு சராசரி, ஹெக்டேருக்கு வருஷம் சுமார் 16.4 டன், அது கூட ஒப்பிடறதெல்லாம் இதுக்கப்புறம் தான்.

ஒரு சீசனை வெச்சு முடிவு கட்டிடாதீங்க. கேத்தியில 2009 நவம்பர்ல ஒரே நாள்ல 82 செ.மீ. கொட்டுச்சு, அந்த மாதிரி ஒரு ராத்திரி பத்து வருஷ வேலையை பண்ணிட்டு போயிடும், அதனால தெனமும் மழை அளவு எழுதி வைங்க. கல்லியில இருந்து கெளம்புன மண்ணு எல்லாம் ஓடைக்கு வந்து சேராது, வழியில பாதி தங்கிடலாம், அதுக்கு கீழ ஓடை வாயில மழை நேரத்துல பாட்டில்ல தண்ணி புடிச்சு, வடிகட்டி காயவெச்சு லிட்டருக்கு எத்தனை கிராம்னு பாக்கணும். தண்ணி ஏறும்போதே புடிங்க, வடியும்போது புடிச்சா தெளிஞ்சிருக்கும். ஊட்டியில இந்திய மண் நீர் பாதுகாப்பு நிறுவனத்தோட ஆராய்ச்சி மையம் இருக்கு, நேர்ல போய் பேசிப் பாருங்க.

பழைய_வண்ணை:
ரொம்ப நன்றி அண்ணா, மேஸ்திரி ஐயா, மேடம். கணக்கு போட்டேன், கல்லி 60 மீட்டர், 13 வெட்டு, 26 கம்பி. சனிக்கிழமை மண்ணடி போறேன். மழை நேரத்துல பாட்டில் புடிக்க தாத்தாவோட பேரன் ஒத்துக்கினான், ஓடை ஏறுனா கிட்ட போகாம கயிறு கட்டி பாட்டிலை எறக்கி எடுக்க சொல்லிருக்கேன்.