மஹிந்திரா தார் ஜீப்பில் டீசல் கேனை எங்கே மாட்டுவது?

நண்பர்களே, இமயமலையிலுள்ள மணாலி–லே சாலையில் என் டீசல் தாரில் போகத் திட்டம். கேலாங்குக்கு முன்னால் தாண்டி என்ற ஊரின் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று பலகை வைத்திருப்பார்களே, அதற்குப் பயந்துதான் இந்த 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன். நிரப்பினால் டீசலே 17 கிலோ, கேன் எடை தனி.

பின்கதவில் ஏற்கெனவே ஸ்டெப்னி தொங்குகிறது. இதையும் சேர்த்தால் கீல் தாங்குமா? கூரையில் ஏற்றினால் வளைவுகளில் வண்டி ஆடும், அது வேண்டாம். உள்ளே வைத்தால் வாடை. பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள்.

பின் பம்பரில் தனி ஸ்விங் ஆர்ம் (கதவு போல் பக்கவாட்டில் திறக்கும் இரும்புத் தாங்கி) போட்டவர்கள் இருக்கிறீர்களா? குலுக்கலில் வெல்டிங் விட்டதா? கேன் உரசாமலிருக்க அடியில் ரப்பர் போதுமா, அப்புறம் பெல்ட்டும் கட்டணுமா? படம் இருந்தால் போடுங்கள்.