கலிஃபோர்னியாவின் சோனோமா கவுன்டிக்குப் புதிதாக வந்திருக்கிறோம், ஷெரிஃப் அலுவலக எச்சரிக்கைகளுக்கு எதில் பதிவு செய்வது?

கயல்_லார்க்ஃபீல்டு:
எல்லோருக்கும் வணக்கம். ஃப்ரீமான்ட்டில் வாடகைக்கு இருந்தோம், இப்போது சான்டா ரோசாவுக்கு வடக்கே லார்க்ஃபீல்டில் வீடு வாங்கி வந்தாயிற்று. தபாலில் முகவரி சான்டா ரோசா என்றுதான் வருகிறது, ஆனால் பின்தெருவில் யாரோ கார் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்று நகரப் போலீஸைக் கூப்பிட்டால், அது எங்கள் எல்லை இல்லை, ஷெரிஃப் அலுவலகத்திடம் சொல்லுங்கள் என்கிறார்கள். ஷெரிஃப் என்றாலே எனக்குக் குதிரையும் தொப்பியும்தான் ஞாபகம் வருகிறது, அவர்கள் வேலை என்ன என்று சத்தியமாகத் தெரியாது.

கோடை வந்தால் தீ பயம் வேறு. அக்கம்பக்கத்தில் ஒருவர் நிக்ஸில் என்கிறார், இன்னொருவர் சோகோ அலர்ட், மூன்றாமவர் ஏதோ ஆப். என் கணவர் ராத்திரி போன் அலறுகிறது என்று எமர்ஜென்சி அலர்ட் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், பகலில் வீட்டில் தனியாக இருப்பார்கள். இதற்கு நடுவில் போன வாரம் 'ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், நீங்கள் ஜூரி டூட்டிக்கு வரவில்லை, வாரன்ட் இருக்கிறது' என்று ஒரு போன். ஜூரி என்றால் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் கூப்பிடும் பொதுமக்கள் குழுவாம். நம்பரைத் தேடினால் உண்மையான அலுவலக நம்பராகவே காட்டுகிறது. எதை நம்ப, எதை விட?

வின்ட்சர்_மணியன்:
வாருங்கள். லார்க்ஃபீல்டு எந்த நகராட்சிக்குள்ளும் சேராத பகுதி. அந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் போலீஸ் என்றால் கவுன்டி ஷெரிஃப்தான். சிறையை நடத்துவது, நீதிமன்றப் பாதுகாப்பு, வாடகை வீட்டைக் காலி செய்ய வைக்கும் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றுவது, இந்தக் கவுன்டியில் சந்தேக மரண விசாரணை வரைக்கும் அவர்கள் கையில். நாங்கள் இருக்கும் வின்ட்சரில் 'வின்ட்சர் போலீஸ்' என்று கார் ஓடும், உள்ளே இருப்பவர் ஷெரிஃப் அலுவலகக் காவலர், அதாவது டெபுட்டி, ஏனென்றால் ஊர் நிர்வாகம் ஒப்பந்தம் போட்டு அவர்களையே வைத்திருக்கிறது. ஷெரிஃபை நம் ஊர் எஸ்.பி. மாதிரி நினைக்காதீர்கள், மேலே இருந்து யாரும் மாற்றல் உத்தரவு போட முடியாது, ஓட்டு வாங்கி வருகிறவர். இப்போது இருப்பவர் எடி எங்ரம், 2022 தேர்தலில் வந்தவர்.

எச்சரிக்கை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வேறு வேறு சங்கதிகள், ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றை விடக்கூடாது. நிக்ஸில்: உங்கள் ஜிப் கோடை 888777 என்ற எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினால் போதும், சாலை மூடல், தேடுதல் வேட்டை, தீ என்று டெக்ஸ்ட் வரும். சோகோ அலர்ட்: கவுன்டியுடையது, வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தால் அந்த முகவரிக்கு ஆபத்து என்றால் போனில் கூப்பிடும், லேண்ட்லைனுக்கும் வரும். மூன்றாவதுதான் உங்கள் கணவர் அணைத்து வைத்தது. அதற்குப் பதிவே தேவையில்லை, ஆபத்துப் பகுதியில் உள்ள செல் டவர்களிலிருந்து அங்கே இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் அலறும். முதல் வேலையாக அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். குழந்தை கடத்தப்பட்டால் வரும் ஆம்பர் அலர்ட்டுக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது, தூக்கம் கெடுகிறது என்றால் அதை மட்டும் அணைக்கட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2017 அக்டோபர் 8 ராத்திரி டப்ஸ் தீ கலிஸ்டோகா பக்கம் கிளம்பி, காற்றோடு சில மணி நேரத்தில் உங்கள் லார்க்ஃபீல்டைத் தாண்டி சான்டா ரோசாவுக்குள் வந்துவிட்டது. டெபுட்டிகள் புகைக்குள் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆட்களை எழுப்பினார்கள். 22 பேர் இறந்தார்கள். அன்றைக்கு நிக்ஸில், சோகோ அலர்ட் இரண்டும் போயின, ஆனால் செல்போன் என்றால் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். எல்லாப் போனுக்கும் போகும் அந்த அலறலைக் கவுன்டி அவசரநிலைப் பிரிவு அனுப்பவில்லை, அனுப்பினால் தேவையில்லாதவர்களும் கிளம்பிச் சாலை அடைத்துக்கொள்ளும் என்று பயந்தார்கள். இரண்டு வருடம் கழித்து கின்கேட் தீயில் நேர்மாறு. 2019 அக்டோபரில் ஹீல்ட்ஸ்பர்க், வின்ட்சர் இரண்டையும் முன்கூட்டியே காலி செய்யச் சொன்னார்கள், மொத்தம் ஏறத்தாழ 1,80,000 பேர் வெளியேறினோம். முந்நூற்றுச் சொச்சம் கட்டிடங்கள் போயின, ஓர் உயிர் போகவில்லை.

நாடோடி_சு:
மணியன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஷெரிஃப் அலுவலகம் சொல்வதெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013இல் இதே கவுன்டியில் ஆன்டி லோபஸ் என்ற 13 வயதுப் பையனை, கையில் வைத்திருந்த பொம்மைத் துப்பாக்கியை நிஜம் என்று நினைத்து ஒரு டெபுட்டி சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகு நடந்த போராட்டத்தில்தான் அலுவலகத்தை வெளியிலிருந்து கண்காணிக்க ஐயோலேரோ என்ற தனி அமைப்பு வந்தது. 2020இல் மெஷர் பி என்று ஓட்டுக்கு விட்டு அதன் அதிகாரத்தைக் கூட்டினார்கள். தகவல் கொடுப்பது என்றால் தீ எச்சரிக்கை மட்டும் இல்லை, தங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முகநூலில் நாய்க்குட்டி மீட்ட படம் போடுவதில் எல்லா ஷெரிஃப் அலுவலகமும் கெட்டிதான்.

இன்னொன்று, எச்சரிக்கையும் தப்பாக வரும். 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஒரு சின்னப் பகுதிக்குப் போக வேண்டிய வெளியேறும் எச்சரிக்கை ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் போனுக்குப் போயிற்று. அதனால் அலறினால் உடனே அணைக்காமல் வாசியுங்கள், எந்தப் பகுதிக்கு என்று போட்டிருக்கும். உங்கள் வீட்டின் வெளியேறும் மண்டல எண்ணைக் கவுன்டி வரைபடத்தில் இன்றைக்கே பார்த்து ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். வாட்ச் டூட்டி ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், 2021இல் இந்தக் கவுன்டியில் ஆரம்பித்ததுதான், தீ எங்கே நகர்கிறது என்று நன்றாகக் காட்டும். கிளம்பச் சொல்லும் உத்தரவு மட்டும் ஷெரிஃபிடமிருந்து வர வேண்டும்.

வின்ட்சர்_மணியன்:
ஐயோலேரோ விஷயம் நியாயமான பேச்சு, மறுக்க மாட்டேன். உத்தரவு பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 'வார்னிங்' என்றால் தயாராகுங்கள், பெரியவர்கள், ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அப்போதே கிளம்ப வேண்டும். 'ஆர்டர்' என்றால் உயிருக்கே ஆபத்து, பகுதியைச் சட்டப்படி மூடிவிடுவார்கள். உள்ளே இருப்பவரை இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள், ஆனால் வெளியே வந்துவிட்டு 'பாஸ்போர்ட்டை மறந்துவிட்டேன்' என்று திரும்பப் போனால் தடுப்பில் நிறுத்திவிடுவார்கள், மீறி நுழைந்தால் குற்றம்.

தேன்மொழி_ப:
அக்கா, அம்மா அப்பா விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது போனில்தான். இந்தியாவிலிருந்து கொண்டுவரும் போனை வீட்டு வைஃபையில் மட்டும் போட்டு வாட்ஸ்அப் பேசுவார்கள். டவரிலிருந்து வரும் அந்த எச்சரிக்கை வைஃபையில் வராது. மலிவான ப்ரீபெய்ட் சிம் ஒன்று போட்டுக் கொடுங்கள், சோகோ அலர்ட்டில் அந்த நம்பரையும் சேருங்கள். அவசர உதவி எண்ணான 911க்கு அடித்தால் இங்கிலீஷ் வராது என்று பயப்பட வேண்டாம், 'டமில்' என்று சொல்லச் சொல்லுங்கள், போனிலேயே மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள். முதலில் முகவரியை மட்டும் இங்கிலீஷில் சொல்லப் பழக்கிவிடுங்கள்.

அந்த ஜூரி போன் சுத்த ஃபிராடு. நம்பர் திரையில் எதைக் காட்ட வேண்டும் என்பதை அவர்களே மாற்றிக்கொள்ளலாம், நிஜ டெபுட்டியின் பெயரைக்கூடச் சொல்வார்கள். போனை வைக்காதே, கடைக்குப் போய் கிஃப்ட் கார்டு வாங்கு அல்லது பிட்காயின் மெஷினில் போடு என்பார்கள். எந்த ஷெரிஃப் அலுவலகமும் போனில் பணம் கேட்டு வாரன்டை ரத்து செய்யாது. ஜூரி கடிதம் நீதிமன்றத்திலிருந்து தபாலில் வரும். நீங்கள் எச்1பியோ கிரீன் கார்டோ என்றால் ஜூரியில் உட்காரவே முடியாது, குடிமக்களுக்கு மட்டும்தான். டிரைவிங் லைசென்ஸ் தரும் டிஎம்வி துறையின் பட்டியலிலிருந்து பெயர் எடுப்பதால் சில நேரம் கடிதம் வந்துவிடும், குடிமகன் இல்லை என்று குறித்து அனுப்பினால் முடிந்தது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தப்பித் தவறிக்கூடக் குடிமகன் என்று டிக் போடாதீர்கள்.

கயல்_லார்க்ஃபீல்டு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கணவர் போனில் எல்லாம் திரும்ப ஆன். கார் கண்ணாடி விஷயத்தை நெக்ஸ்ட்டோர் என்ற அக்கம்பக்கத்தாருக்கான ஆப்பில் எழுதியிருக்கிறேன், அதை ஷெரிஃப் அலுவலகம் பார்க்கும்தானே? அப்புறம் ஒரு குழப்பம். அப்பா அம்மாவிடம் 'ஷெரிஃப் என்று யார் போன் செய்தாலும் நம்பாதீர்கள்' என்று சொல்லிவைத்தால், நிஜமாகவே டெபுட்டி வந்து கதவைத் தட்டும்போது அப்பா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவார். அவரை எனக்குத் தெரியும். காரும் ஓட்ட மாட்டார்.

வின்ட்சர்_மணியன்:
பார்க்காது. அக்கம்பக்கத்தார் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் போடும் பதிவுக்குக் கீழே எழுதினால்தான் தெரியும். அவசரமில்லாத புகாருக்கான எண்ணில் கூப்பிட்டு முறையாகப் பதிவு செய்யுங்கள்.

அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: போனில் பணம் கேட்டால் வைத்துவிடணும், தெருவில் ஹை-லோ சைரன் கேட்டால் கிளம்பணும். ஹை-லோ என்பது வழக்கமாக ஊளையிட்டு ஏறி இறங்கும் சத்தம் இல்லை, இரண்டே சுரம் மாறி மாறி வரும். கலிஃபோர்னியாவில் 2020 சட்டப்படி மக்களை வெளியேற்ற மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம், ஆம்புலன்ஸோ விரட்டிப் போகும் காரோ போடக்கூடாது. யூடியூபில் இருக்கிறது, வந்து இறங்கிய அன்றே போட்டுக் காட்டுங்கள். கின்கேட் சமயத்தில் மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தியதால் பல செல் டவர்கள் செத்துப்போயின, சிம் இருந்தும் பிரயோஜனமில்லை. எங்களுக்கு அந்தச் சைரனும், கேஎஸ்ஆர்ஓ 1350 ஏஎம் ரேடியோவும்தான் துணை. பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள்.

கார் இல்லாததற்கு, பகலில் வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் இப்போதே பேசி வையுங்கள், ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் ஏற்றிக்கொள்ளட்டும். இரண்டு பேரும் இல்லை, உத்தரவும் வந்துவிட்டது என்றால் 911தான், கிளம்ப வண்டி இல்லை என்று சொன்னால் ஆள் அனுப்புவார்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே திருநெல்வேலிக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறது, அந்த அம்மா பகலில் வீட்டில்தான் இருப்பார். தனிச்செய்தியில் வாருங்கள், அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன்.