புதுப்பிப்பு: குக்கீ கப்பில் இந்த முறை குழி விழுந்தது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: மஃபின் தட்டில் சுட்ட குக்கீ கப் (நடுக்குழியில் கேரமல் ஊற்றும் கிண்ண வடிவ குக்கீ) குழியே இல்லாமல் உப்பிவிட்டது, கேரமல் கல்லாக இறுகிவிட்டது என்று. நேற்று மறுபடி செய்து பார்த்தேன்.

குழி விஷயத்தில் மாவின் மேல் குறையில்லை. ஆறட்டும் என்று நான் காத்திருந்ததுதான் தப்பு. ஓவனிலிருந்து எடுத்த கையோடு, மெத்தென்று இருக்கும்போதே, சின்னக் கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் அழுத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஓரம் விரிசல் விடுகிறது. மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்ததும், அச்சில் பாதி அளவே நிரப்பியதும்கூட உதவின. 175 டிகிரி செல்சியஸில் 11 நிமிடம். ஓரம் பொன்னிறமானால் போதும். நடுப்பகுதி வேகாதது போலத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். தட்டிலேயே 10 நிமிடம் ஆறவிட்டு எடுத்ததில் ஒன்றுகூட உடையவில்லை. சரி, ஒன்று உடைந்தது. அதை உடனே சாப்பிட்டுவிட்டேன்.

கேரமலை அதிக நேரம் கொதிக்கவிட்டால் நீர் வற்றி, ஆறியதும் கெட்டியாகிவிடும். அதனால் இந்த முறை 200 கிராம் சர்க்கரை உருகித் தேன் நிறம் வந்ததும் 90 கிராம் வெண்ணெய், அப்புறம் 120 மில்லி கிரீம் சேர்த்து, ஒரே நிமிடத்தில் இறக்கிவிட்டேன். கிரீம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்ததை ஊற்றினால் சர்க்கரை கட்டி தட்டும்.

மேலே உருக்கிய டார்க் சாக்லேட், ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். மிச்சக் கேரமல் ஒரு பாட்டிலில் இருக்கிறது, போகிற வருகிற கரண்டியெல்லாம் அதற்குள்தான் போகிறது.