அவசரம்: குத்தகை நிலத்தை விற்றுவிட்டார்கள், அப்பாவைக் காலி செய்யச் சொல்கிறார்கள்

மணலி மாரி:
அப்பா இருபத்திரண்டு வருடமாகக் குத்தகைக்குப் பயிர் வைக்கிற நிலத்தை உரிமையாளர் போன மாதம் விற்றுவிட்டார். நிலத்தை வாங்கியவரின் ஆட்கள் நேற்று வந்து வரப்போரம் கல் ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் வேலி போடுவார்களாம். எங்களிடம் எழுத்து எதுவும் இல்லை. என்ன செய்யலாம்? வேலையில் இருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

பொன்னேரிக்காரன்:
தம்பி, நிலம் எந்த ஊர்? தனியாருடையதா, கோயில் நிலமா? கோயில் என்றால் பொது அறக்கட்டளை நிலங்களுக்கான 1961 சட்டம், அது வேறு கணக்கு. குத்தகை பாக்கி இருக்கிறதா?

கொருக்குப்பேட்டை 21:
பயப்படாதீங்க தம்பி. பன்னிரண்டு வருடம் அனுபவித்தாலே எதிரிடை அனுபவ பாத்தியம், அதாவது அனுபவித்தவருக்கே நிலம் சொந்தமாகிற உரிமை, வந்துவிடும். நிலம் எங்களுடையது என்று சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுங்கள். என் மாமா வீட்டு மனைக்கு அப்படித்தான் வாங்கினார்.

பழைய அடங்கல்:
மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். இதைப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. குத்தகைதாரர் உரிமையாளரின் சம்மதத்தோடு நிலத்தில் இருப்பவர். வருடா வருடம் குத்தகையாக நெல் அளந்துகொண்டே நிலம் என்னுடையது என்று சொல்ல முடியாது. 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவரை வெளியேற்றச் சில காரணங்கள்தான் உண்டு. குத்தகை பாக்கி, நிலத்தையோ பயிரையோ பாழாக்குவது அல்லது சாகுபடியையே விட்டுவிடுவது, விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்துவது, உரிமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது. நீங்கள் சொல்கிற வழக்கைப் போட்டால் அந்தக் கடைசிக் காரணத்தை அப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

கொருக்குப்பேட்டை 21:
மனைக்கும் வயலுக்கும் இவ்வளவு வித்தியாசம் என்று தெரியாது. ஆனால் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாம்.

தண்டையார்பேட்டை ராயபுரம்:
மணலி என்றால் தண்டையார்பேட்டையில் உள்ள கோட்டாட்சியர் அலுவலகம்தான். நேரே அங்கே போங்கள்.

பழைய அடங்கல்:
அவர் குடியிருப்பது மணலி. நிலம் எங்கே என்று இன்னும் சொல்லவே இல்லை. மணலியும் மாதவரமும் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டன, மீஞ்சூர் வரவில்லை. நிலம் இருக்கும் இடம்தான் கணக்கு.

மணலி மாரி:
மன்னிக்கவும். மீஞ்சூருக்கு வடக்கே, பொன்னேரி வட்டம். தனியார் நிலம், ஒரு ஏக்கர் முப்பது சென்ட். அப்பாவும் அம்மாவும்தான் சேற்றில் இறங்கி வேலை செய்கிறார்கள். சொர்ணவாரி பருவ நெல்லுக்கு நாற்று விட்டிருக்கிறது. போன அறுவடை வரை நெல் அளந்தாகிவிட்டது, ரசீது தந்ததே இல்லை.

பொன்னேரிக்காரன்:
சொந்த உழைப்பில் சாகுபடி, பாக்கி இல்லை. இதுதான் தம்பி உங்கள் பலம். எழுத்து இல்லாவிட்டாலும் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். நிலம் கைமாறினால் குத்தகை போய்விடாது, வாங்கியவர்தான் புது உரிமையாளர். அவருக்கு நிலம் வேண்டுமென்றால் பொன்னேரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். ஆள் வைத்து வேலி போட முடியாது.

நாளைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பழைய பசலிகளின் (வருவாய்க் கணக்கு ஆண்டுகள்) அடங்கல் நகல் கேளுங்கள், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைக்கிறார் என்ற கிராமக் கணக்கு அது. சாகுபடி செய்பவர் என்று அப்பா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கக் கடன், உரக்கடை பில், நெல் கொள்முதல் நிலையச் சீட்டு, பக்கத்து வயல்காரர் சாட்சி, கிடைப்பதை எல்லாம் சேருங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள். அப்புறம் இந்த அறுவடையில் குத்தகையை நிறுத்திவிடாதீர்கள். புது உரிமையாளர் நெல்லை வாங்க மறுத்தால் அன்றைய சந்தை விலையைச் சட்டப்படி டெபாசிட் செய்ய வழி இருக்கிறது. பணம் தருகிறோம், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடு என்று வந்தால் அப்பா பேனாவையே தொடக்கூடாது.

பெரம்பூர் நிலக்காரி:
எல்லாரும் குத்தகைதாரர் பக்கமே பேசுகிறீர்கள். கணவர் போன பிறகு எனக்கு இருப்பது எண்பது சென்ட். அதைக் குத்தகைக்கு எடுத்தவரிடமிருந்து நான்கு வருடமாக ஒரு மூட்டை வரவில்லை. 1980 திருத்தத்துக்குப் பிறகு நியாயக் குத்தகை விளைச்சலில் 25 சதவீதம்தான். அதையும் தராமல் சட்டம் பேசுகிறார். இந்தப் பயத்தில்தான் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

பொன்னேரிக்காரன்:
அக்கா, உங்கள் வருத்தம் நியாயமானது. பாக்கி உங்கள் பக்கம் வலுவான காரணம், நீங்களும் உங்கள் நிலம் இருக்கும் இடத்துக் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். ஆனால் எழுதாமல் விடுவதால் யாருக்கும் நன்மை இல்லை. எங்கள் ஊரில் வெள்ளத்தில் பயிர் போனபோது நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குப் போனது. நட்டவருக்கு ஒரு பைசா இல்லை.

பெரம்பூர் நிலக்காரி:
எழுதினால் நிலமே திரும்பாது என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மனுப் போட்டால் எத்தனை வருடம் இழுக்கும்?

பழைய அடங்கல்:
இழுக்கும்தான். அதற்காக எழுதாமல் விடுவது சரியாகாது. உங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், இது அந்தத் தம்பியுடையது. தம்பி, வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

மணலி மாரி (ஆறு நாள் கழித்து):
பொன்னேரி போய் வந்தோம். அடங்கலில் மூன்று பசலியில் அப்பா பெயர் இருக்கிறது. குத்தகையைப் பதிவு செய்யத் தாசில்தாரிடம் மனுவும் கொடுத்துவிட்டோம். இன்னும் வேலி போடவில்லை. நாளை நடவு. எல்லாருக்கும் நன்றி.

பழைய அடங்கல்:
மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கினீர்களா?

பொன்னேரிக்காரன்:
தம்பி, சீட்டு இருக்கிறதா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.